பைபிள் கதைக்கு கையால செய்யற ஆக்டிவிட்டி சொல்லுங்களேன், பிரீஸ்கூல் பிள்ளைங்களுக்கு (கலரிங் ஷீட் போதும் போதும்னு ஆயிடுச்சு)

குட்டிஆடு மிஸ்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சர்ச் நடத்துற பிரீஸ்கூல் ஒண்ணுல மூணுலேர்ந்து அஞ்சு வயசு பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கறேன். காலைல ஒரு பைபிள் கதை, முடிஞ்சதும் அதுக்கு ஒரு ஆக்டிவிட்டி, இதான் வழக்கம். ஆக்டிவிட்டின்னு பேருதான், நோவான்னா பேழைக்கு கலர் அடிக்கணும், நல்ல மேய்ப்பன்னா ஆட்டுப் படத்துல பஞ்சு ஒட்டணும், யோசேப்புன்னா அங்கிக்கு கலர் பேப்பர் ஒட்டணும், எல்லாத்தையும் முந்தின நாளே டீச்சருங்க உக்காந்து வெட்டி ரெடி பண்ணிடுவோம், பிள்ளைங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை கூட இல்ல. வீட்டுல இன்னைக்கு என்ன கதைன்னு கேட்டா "பஞ்சு ஒட்டினோம்"னு சொல்றாங்களாம். ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பன் எங்க போனாருன்னே தெரியல.

கையால செஞ்சு கத்துக்கணும், கதையும் மனசுல நிக்கணும், அப்படி என்ன பண்ணலாம்? பெருசா சாமான் வாங்க முடியாது, அட்டை டப்பா, பழைய துணி, தண்ணி, மணல் இப்படி இருக்கறத வச்சுதான். ஒரு பையன் பசை, களிமண், பெயிண்ட் எது கையில பட்டாலும் அழ ஆரம்பிச்சுடுவான். அப்புறம் எண்ணிக்கை, நிறம், விரல் பயிற்சி இதெல்லாம் எங்க வருதுன்னு எழுதிக் காட்டச் சொல்றாங்க, அதனால வெறும் விளையாட்டுன்னா ஒத்துக்க மாட்டாங்க.

மணல்பெட்டி:

சிஸ்டர், நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்குவேன். கதையில வர்ற ஆள் கையால என்ன வேலை செஞ்சாங்க? அந்த வேலையை பிள்ளை செய்ய முடியுமா? முடியும்னா அதுதான் ஆக்டிவிட்டி, நெட்ல தேடிட்டு இருக்கவே வேணாம். கதையில யாரும் பஞ்சு ஒட்டல இல்லையா, அதான் பஞ்சு மட்டும் ஞாபகம் இருக்கு, கதை போயிடுச்சு.

லூக்கா 15 எடுத்துக்கோங்க. எல்லாரும் நூறு ஆடு கதையைத்தான் எடுக்கறாங்க, நாலு வயசுக்கு தொண்ணூத்தொம்பதுன்னா "நிறைய", அவ்ளோதான். அதே அதிகாரத்துல அடுத்தாப்புல பத்து வெள்ளிக்காசுல ஒண்ணைத் தொலைச்ச அம்மா கதை இருக்கே, அதை யாரும் சீண்டறதில்ல. பத்து வரைக்கும் பிள்ளைங்களால எண்ண முடியும். அந்தம்மா விளக்கை ஏத்தினாங்க, வீட்டைப் பெருக்கினாங்க, தேடினாங்க, கிடைச்சதும் அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்பிட்டாங்க. அதையே செய்ய விடுங்க. அட்டையில உள்ளங்கை அகலத்துக்கு பத்து வட்டம் வெட்டி பளபளன்னு பேப்பர் சுத்திக்கோங்க, வரிசையா வச்சு எண்ணச் சொல்லுங்க, பிள்ளைங்க கண்ணை மூடினதும் ஒண்ணை ஒளிச்சுடுங்க, திரும்ப எண்ணினா ஒம்போது. ரூம்ல லைட்டைக் கம்மி பண்ணிட்டு ஒரு டார்ச், ஒரு குட்டித் துடைப்பம் குடுங்க. பெருக்கறது எவ்ளோ நல்ல கை பயிற்சி தெரியுமா, ரெண்டு கையும் சேர்ந்து வேலை செய்யணும், குப்பையை ஒரு இடத்துக்குக் கொண்டு வரணும். கிடைச்சதும் எல்லாரையும் கூப்பிட்டு குதிக்கணும், அந்தக் குதியலை மட்டும் விட்டுடாதீங்க, கதையே அதுலதான் இருக்கு. எண்ணிக்கைன்னு எழுதிக் காட்டவும் ஆச்சு.

இன்னொண்ணு, மாற்கு 2ல திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரிச்சு இறக்கினது. ஒரு டவல், அதுல ஒரு பொம்மை, நாலு மூலைக்கு நாலு பிள்ளைங்க. மேசை மேலேர்ந்து மெதுவா தரைக்கு இறக்கணும். ஒருத்தர் அவசரப்பட்டாலும் பொம்மை உருண்டுடும். "டேய் மெதுவாடா, நீ கொஞ்சம் தூக்கு"ன்னு அதுங்களே பேசிக்கும் பாருங்க, நண்பர்கள்னா என்னன்னு நம்ம தனியா விளக்க வேண்டியதே இல்ல. டீச்சருக்கு ஒரே வேலை, வாயை மூடிட்டு உக்காந்திருக்கறது.

மோசே கதைக்கு கூடை பின்னச் சொல்லாதீங்க, இந்த வயசுல வராது. குழந்தையை ஆத்தோரம் வச்ச நாணல் பெட்டிக்கு தாய் பிசினும் கீலும் பூசினாங்க இல்ல, ஏன் பூசினாங்க? ரெண்டு துண்டு பேப்பர் எடுத்து ஒண்ணுல ரெண்டு பக்கமும் மெழுகு க்ரேயானை அழுத்தி அழுத்தி தேய்க்கச் சொல்லுங்க, இடம் விடாம. இன்னொண்ணு சும்மா. ரெண்டையும் ஓரத்தை மடிச்சு தொட்டி மாதிரி ஆக்கி தண்ணில விடுங்க. சும்மா பேப்பர் ஊறித் தொஞ்சு போயிடும், மெழுகு தேய்ச்சது தாங்கும். தேய்க்காம விட்ட இடத்துல தண்ணி எப்படி ஏறுதுன்னு பிள்ளைங்களே கண்டுபிடிச்சுடும். கலரிங்தான் இதுவும், ஆனா குழந்தை நனையக்கூடாதேன்னு அடிக்கற கலரிங்.

ரெண்டு வாண்டுக்கு அம்மா:

நான் டீச்சர் இல்ல, பேரண்ட். இந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்றேன். தயவுசெஞ்சு பொருளைக் காட்டி "இது உன் இருதயம், இந்தக் கறை உன் பாவம், இந்த சோப்பு இயேசு" அப்படின்னு உவமை சொல்ற ஆக்டிவிட்டி இந்த வயசுக்கு வேணாம். பெரியவங்களுக்கு அழகா இருக்கும், நாலு வயசுக்கு சோப்பு சோப்புதான். என் பெரியவ வீட்டுக்கு வந்து "இயேசு ஏன் சோப்புக்குள்ள இருக்காரு"ன்னு கேட்டா. ரெண்டு வயசுலேர்ந்து ஏழு வயசு வரைக்கும் பிள்ளைங்க கண்ணுக்குத் தெரியறத வச்சுதான் யோசிக்கும்னு உளவியல் அறிஞர் பியாஜே எழுதினதை சைல்டு டெவலப்மெண்ட் கோர்ஸ்ல எல்லாம் சொல்லித்தர்றாங்க, ஆனா சன்டே ஸ்கூல் பக்கம் அது வந்து சேரவே இல்ல.

அதோட கறுப்பு இருதயம்னா பாவம், வெள்ளைன்னா சுத்தம்னு ஒட்டற கிராஃப்ட். கலர் வச்சு சுவிசேஷம் சொல்றது பழைய முறைதான், 1866ல இங்கிலாந்து பிரசங்கியார் ஸ்பர்ஜன் கறுப்பு சிவப்பு வெள்ளைன்னு மூணு பக்கத்தை வச்சே பிரசங்கம் பண்ணியிருக்கார், நான் அவரைக் குறை சொல்ல வரல. ஆனா கறுப்பா இருக்கற ஒரு பிள்ளை தன் கையைப் பாத்துட்டு அந்தப் பேப்பரைப் பார்க்கும்ல? அதுக்கு உவமை புரியாது, நிறம் புரியும். இந்த ஒண்ணை மட்டும் உங்க கிளாஸ்ல நிறுத்திடுங்க மிஸ்.

மரப்பொம்மை:

மேல சிஸ்டர் சொன்னது நூத்துக்கு நூறு. மணல்பெட்டி சொன்னதுல எனக்கு பாதிதான் சம்மதம், அதனால எழுதறேன்.

1954ல ரோம்ல சோஃபியா கவல்லெத்தின்னு ஒரு வேதாகம அறிஞரும் ஜான்னா கோபின்னு ஒரு மாண்டிசோரி ஆசிரியையும் சேர்ந்து பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச முறை ஒண்ணு இருக்கு, நல்ல மேய்ப்பன் மறைக்கல்வின்னு வச்சுக்கோங்க. கத்தோலிக்கர்கிட்ட ஆரம்பிச்சது, இப்போ மத்த சபைகள்லயும் சிலர் பண்றாங்க. அதுல மூணுலேர்ந்து ஆறு வயசுக்குன்னு தனி ரூம், ஏட்ரியம்னு பேரு. டீச்சர் சின்ன மர உருவங்களை வச்சு, ஒரு தொழுவம், ஒரு மேய்ப்பன், கொஞ்சம் ஆடு, மெதுவா நகர்த்திக்கிட்டே கதையை அப்படியே வேத வசனத்துல சொல்லுவாங்க, ரொம்ப கம்மியா பேசுவாங்க, "இதுலேர்ந்து என்ன கத்துக்கிட்டோம்"னு கேக்கவே மாட்டாங்க. முடிஞ்சதும் அந்த சாமான் ஷெல்ஃப்ல போயிடும். இனி எந்தப் பிள்ளைக்கு எப்போ தோணுதோ அப்போ எடுத்து தனியா உக்காந்து நகர்த்திக்கலாம், எத்தனை தடவை வேணா.

நான் சொல்ல வர்றது இந்த "எத்தனை தடவை வேணா"தான். நாம என்ன பண்றோம், தினம் ஒரு கதை, தினம் ஒரு புது ஆக்டிவிட்டி, மறுநாள் குப்பையில. பிள்ளைக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப செய்யணும், அதுலதான் பிடிப்பே வரும். வாரத்துக்கு ஒரு கதை போதும் மிஸ். திங்கக்கிழமை கதை சொல்லி சாமானைக் காட்டுங்க, மிச்ச நாள் ட்ரேல வச்சு ஷெல்ஃப்ல விட்டுடுங்க. மர உருவத்துக்கு காசு வேணாம், கெட்டி அட்டையில வரைஞ்சு வெட்டி அடியில நிக்கறதுக்கு ஒரு துண்டு அட்டை வச்சா போதும். ஆட்டை மேய்ப்பன் தோள்ல வைக்கணும், அதுக்கு மட்டும் ஒரு கொக்கி மாதிரி வெட்டிடுங்க, பிள்ளைங்க திரும்பத் திரும்ப போறது அந்த இடத்துக்குத்தான்.

குதிக்கறது கத்தறது எல்லாம் வேணாம்னு சொல்லல மணல்பெட்டி. அது கூட்டமா ஒரு தடவை. அமைதியா தனியா செய்யறது வாரம் பூரா.

மணல்பெட்டி:

சரி பிரதர், வாரம் ஒரு கதைன்றது ஒத்துக்கறேன். ஆனா எல்லாப் பிள்ளையும் ஷெல்ஃப் பக்கத்துல அமைதியா உக்காராது, சிலதுக்கு உடம்பே ஓடினாத்தான் காது திறக்கும். அதுங்களுக்கு எரிகோ பட்டணத்து மதில் விழுந்த கதை. அட்டைப் பெட்டியை அடுக்கி மதில் கட்டுங்க, கட்டறதே ஒரு வேலை. ஆறு நாள் தினம் ஒரு சுத்து, வாயே திறக்கக்கூடாது, யோசுவா ஜனங்களைப் பேசவே கூடாதுன்னுதான் சொல்லியிருந்தார். ஏழாவது நாள் ஏழு சுத்து, எண்ணிக்கிட்டே, அப்புறம் ஒரே கத்தல், மதிலைத் தள்ளிடலாம். கட்டின மதிலை ஆறு நாள் தொடாம சுத்தி வர்றது அந்த வயசுக்கு எவ்ளோ பெரிய விஷயம்! காத்திருக்கறதைச் சொல்லிக்குடுக்க எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல ஆக்டிவிட்டி கிடையாது.

குட்டிஆடு மிஸ்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கறுப்பு இருதயம் பேப்பர் எங்க அலமாரில ஒரு கட்டு இருக்கு, எடுத்துடறேன். அடுத்த வாரம் நோவா வருது, அதுக்கு என்ன? மிருகங்களை ஜோடி சேர்க்கறது எப்பவும் பண்றோம், அதைத் தாண்டி ஏதாவது? அப்புறம் தண்ணி, மணல் எல்லாம் வச்சா என்னென்ன ஜாக்கிரதை வேணும்னும் யாராவது சொல்லுங்க, மூணு வயசுக்காரங்க கையில எது கிடைச்சாலும் வாய்க்குத்தான் போகுது.

முழக்கோல்:

நோவாவுக்கு நான் சொல்றேன், எனக்குப் பிடிச்ச கதை. படத்துல எல்லாம் பேழையை உருண்டையா, ஒட்டகச்சிவிங்கி தலை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி போட்டு வச்சிருக்காங்க. ஆதியாகமம் 6ல அளவு இருக்கு, முந்நூறு முழம் நீளம், அம்பது முழம் அகலம், முப்பது முழம் உயரம், மூணு தட்டு, பக்கத்துல ஒரு கதவு. பத்து முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர்னு வச்சா 30 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், 3 உயரம். அந்த அளவுல ஒரு அட்டைப் பெட்டி செஞ்சு கையில குடுங்க, ஸ்கேல் டப்பா மாதிரி நீட்டமா இருக்கும், பிள்ளைங்க ஆச்சரியப்படும். அதுல ஜோடி ஜோடியா ஏதாவது போடட்டும், மிருக பொம்மை இல்லைன்னா மூடி, இலை, சாக்ஸ், எது ஒத்துப் போகுதுன்னு பாத்து சேர்க்கறதுதான் விஷயம்.

முழம் அளக்கறதும் பண்ணுங்க. முழங்கைலேர்ந்து நடுவிரல் நுனி வரைக்கும். பெரியவங்க முழம் சுமார் 45 சென்டிமீட்டர். மேசை எத்தனை முழம்னு மிஸ் அளந்தா ஒரு எண்ணு வரும், பிள்ளை அளந்தா வேற எண்ணு வரும், ஏன் வேற வருதுன்னு அதுங்களே கையைப் பக்கத்துல வச்சுப் பாக்கும். எழுதிக் காட்டறதுக்கு "அளவை"ன்னு போட்டுக்கலாம். தாவீது கதை வரும்போது இதே முழக் கணக்கை எடுத்துக்கோங்க, கோலியாத் ஆறு முழம் ஒரு ஜாண், கிட்டத்தட்ட மூணு மீட்டர், பேப்பரை ஒட்டி ஒட்டி தரையில அவ்ளோ நீளத்துக்கு விரிச்சு பிள்ளைங்களை வரிசையா படுக்கச் சொல்லுங்க. எத்தனை பேர் சேர்ந்தா ஒரு கோலியாத்துன்னு பாக்கறதுதான். ஒருத்தரை ஒருத்தர் குறி வச்சு எறியற விளையாட்டு மட்டும் வேணாம், கவண்ல பஞ்சு உருண்டைன்னாலும்.

வானவில்லுக்கு கலர் பேப்பர் வேணாம். ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய தண்ணி, ஜன்னல் ஓரத்துல வெயில் படற இடத்துல, கீழ வெள்ளைப் பேப்பர். டம்ளரையும் பேப்பரையும் கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்தினா நிறம் விழும். டம்ளரை மிஸ் பிடிச்சுக்கோங்க, பிள்ளைங்க பேப்பரை நகர்த்தி வானவில்லைத் தேடட்டும்.

வெள்ளைக் கோட்டு அக்கா:

பாதுகாப்பு கேட்டீங்கல்ல, முக்கியமானதை மட்டும் சொல்றேன். தண்ணில ஊற வச்சா பெருசாகுமே ஜெல்லி மணி, வாட்டர் பீட்ஸ், அதைக் கடல், ஜலம் இதுக்கெல்லாம் வைக்கலாம்னு நெட்ல அழகழகா போட்டோ வரும். வாங்கவே வாங்காதீங்க. முழுங்கினா குடலுக்குள்ள ஊதி அடைச்சுக்கும், எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியவும் தெரியாது. காய்ஞ்ச பெரிய பயறு விதைங்களும் ட்ரேல வைக்காதீங்க, மூக்குல போட்டுக்கிட்டா ஈரத்துல உப்பிக்கும்.

சின்னப் பொருளுக்கு ஒரு கணக்கு இருக்கு, அமெரிக்காவுல மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க பொம்மையை 31.7 மில்லிமீட்டர் விட்டம் உள்ள ஒரு உருளைல போட்டுப் பாப்பாங்க, முழுசா உள்ள போயிட்டா அந்த வயசுக்குக் கூடாது. உங்ககிட்ட அந்த உருளை இருக்காது, டாய்லெட் பேப்பர் சுத்தி வர்ற அட்டைக் குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம், அதுக்குள்ள எது நுழைஞ்சாலும் மூணு வயசு மேசைக்கு வேணாம்னு வச்சுக்கோங்க. உங்க கிளாஸ்ல கலந்து இருக்காங்க, அதனால சின்ன வயசுக்கு ஏத்த மாதிரிதான் வைக்கணும்.

உப்பு போட்டுப் பிசையற மாவு பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க. அதுல உப்பு ரொம்ப அதிகம், நிறைய தின்னுட்டா நிஜமாவே ஆபத்து, கோதுமை அலர்ஜி இருக்கற பிள்ளைக்கு அது தனி பிரச்சனை. தண்ணித் தொட்டின்னா ஒரு பெரியவங்க அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது, சில சென்டிமீட்டர் தண்ணியே போதும், முடிஞ்சதும் உடனே கொட்டிடுங்க, அப்புறம் கொட்டிக்கலாம்னு வைக்காதீங்க.

அந்தப் பசை தொட்டா அழற தம்பி பத்தி. பழகிக்குவான்னு கையைப் பிடிச்சு உள்ள வைக்காதீங்க, பயம்தான் கூடும். பெயிண்ட்டை ஒரு கெட்டி ஜிப் கவர்ல போட்டு மூடி டேப் ஒட்டிக் குடுங்க, மேலேர்ந்து விரலால தள்ளட்டும், கையில ஒண்ணும் படாது. பசைக்குப் பதிலா டேப். களிமண்ணுக்கு கட்டை, ஸ்பூன். பக்கத்துல ஒரு ஈரத்துணி அவனுக்குன்னே இருக்கட்டும், எப்போ வேணா துடைச்சுக்கலாம்னு தெரிஞ்சாலே பாதி அழுகை போயிடும். பெரிய வியாழன் சமயத்துல கால் கழுவற ஆக்டிவிட்டி பண்ணுவீங்க, அதுல அவன் வேற பிள்ளை காலைத் தொட மாட்டான், தன் காலையும் குடுக்க மாட்டான். ஒரு பொம்மையோட காலைக் கழுவச் சொல்லுங்க, இல்ல டவல் மடிச்சுக் குடுக்கற வேலை அவனோடது. அதுவும் ஊழியம்தான்.

பழைய பெஞ்ச்:

மன்னிக்கணும், எனக்கு ஒரு தயக்கம். எல்லாத்தையும் விளையாட்டாக்கினா பயபக்தி எங்கேர்ந்து வரும்? அட்டையில சிலுவை செஞ்சு ஆணி அடிக்க வைக்கறாங்க சில இடத்துல, ஜூஸ் ஊத்தி நற்கருணைன்னு விளையாட வைக்கறாங்க. இதெல்லாம் சரியா?

மரப்பொம்மை:

ஐயா கேக்கறது நியாயம். ஆணி அடிக்கறது எனக்கும் ஆகாது, மூணு வயசுக்கு அந்த வேலையைக் கையில குடுத்தா "நான்தான் அடிச்சேன்"னு ராத்திரி தூங்காது. மேல மணல்பெட்டி சொன்ன விதிக்கு இதுதான் எல்லை, கதையில நல்லவங்க செஞ்ச வேலையை மட்டும் பிள்ளை கையில குடுங்க. உயிர்த்தெழுதலுக்கு அந்தப் பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து போங்க, மாற்கு 16ல அவங்க சுகந்தவர்க்கம் வாங்கிட்டு வர்றாங்க, கல்லை யாரு புரட்டித் தருவாங்கன்னு பேசிக்கிட்டே வர்றாங்க. வாசனை உள்ள இலை, பட்டை எதையாவது துணியில முடிஞ்சு மோந்து பாக்கக் குடுங்க, ஒரு பெரிய பெட்டிக்குள்ள கனமா எதையாவது வச்சு கல்லுன்னு தள்ளச் சொல்லுங்க, ஒருத்தரால நகராது. அப்புறம் அவங்க ரூமை விட்டு வெளிய போய்ட்டு வர்றதுக்குள்ள நீங்க நகர்த்தி வச்சுடுங்க.

நற்கருணைக்கு நான் சொன்ன முறையிலயே சின்ன சைஸ் பலிபீடம், பாத்திரம், தட்டு எல்லாம் உண்டு. சாப்பிடற மாதிரி நடிக்க மாட்டாங்க, ஒவ்வொண்ணையும் பேர் சொல்லி அதது இடத்துல எடுத்து வைப்பாங்க, அவ்ளோதான். தூக்கற விதத்துலயே பயபக்தி வந்துடும் ஐயா, நம்ம "ஷ்ஷ்" சொல்லி வர்றதில்ல.

பழைய பெஞ்ச்:

சரி. கல்லு தள்ளறது நல்லா இருக்கு.

மணல்பெட்டி:

விதைக்கிறவன் உவமைக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், யாருக்காவது உதவும். எல்லாரும் ஈரப்பஞ்சுல கடுகு முளைக்க வைப்பாங்க, சில நாள்ல முளைச்சுடும், எல்லாரும் கை தட்டிட்டு வீட்டுக்குக் குடுத்து விட்டுடுவாங்க. யோசிச்சுப் பாத்தா அந்தப் பஞ்சுதான் உவமையில விதை விழற கற்பாறை நிலம். மண்ணு ஆழம் இல்லாததால சீக்கிரம் முளைச்சது, வேர் இல்லாததால உலர்ந்து போச்சுன்னு மத்தேயு 13ல இருக்கு. அதனால ஒரு தட்டுல பஞ்சு, ஒரு தொட்டில நல்ல மண்ணு, ரெண்டுலயும் ஒரே நாள் போட்டு ஒரே மாதிரி தண்ணி ஊத்துங்க. முதல்ல பஞ்சு ஜெயிக்கற மாதிரி இருக்கும், பிள்ளைங்க பஞ்சுப் பக்கம்தான் நிக்கும். வார லீவுக்கு தண்ணி ஊத்தாம விட்டுட்டு வந்து பாருங்க. வழியோரம், முள்ளு இதெல்லாம் இந்த வயசுக்கு சேர்க்க வேணாம், ரெண்டு நிலம் போதும்.

குட்டிஆடு மிஸ்:

வாரம் ஒரு கதைன்னு ஹெட்கிட்ட பேசினேன், ஒரு மாசம் பண்ணிப் பாருங்கன்னு சொல்லிட்டாங்க. நோவாவைத் தள்ளி வச்சுட்டு இந்த வாரமே காசு கதையை ஆரம்பிக்கறேன், அட்டை வட்டம் பத்தும் வெட்டியாச்சு. துடைப்பம்தான் பெருசா இருக்கு, பிள்ளைங்க கைக்கு அடங்கல.

மணல்பெட்டி:

பழைய துடைப்பம் இருந்தா கைப்பிடியைப் பிள்ளை நெஞ்சு உயரத்துக்கு வெட்டி, வெட்டின முனைல துணி சுத்திக் கட்டிடுங்க, குத்தாது. தரையில சாக்பீஸ்ல ஒரு கட்டம் போட்டு குப்பையை அதுக்குள்ள கொண்டு வரச் சொல்லுங்க, இல்லன்னா ரூம் பூரா பரப்பிடுவாங்க. காசை எங்க ஒளிச்சீங்கன்னு இன்னொரு டீச்சர்கிட்டயும் சொல்லி வைங்க மிஸ்.